பழக வந்த பிள்ளையும் முதலாளியும்

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிப் போனால் அக்குறணைக் கடைவீதி. துணிக்கடை, ஹாட்வெயார், உதிரிப்பாகக் கடை, கராஜ் என்று வீதியின் இரு பக்கமும் வியாபாரம்தான். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு இவற்றில் ஒன்றில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது இங்கே பழைய வழக்கம். மாமாவோ, பள்ளிவாசலில் பழக்கமான ஒருவரோ முதலாளியிடம் வந்து சொல்வார்: "பொடியன் சும்மா ஈக்கிறான். ஒங்கட கடையில நிண்டு தொழில் பழகட்டும்." சாப்பாடு கடையில், கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம். எவ்வளவு காலம், எதைப் பழக்குவது, பழகி முடிந்தது என்று யார் சொல்வது என்பதெல்லாம் பேசப்படுவதில்லை. பேசினால் மரியாதைக் குறைவு என்று இரு தரப்பும் நினைக்கின்றன. அந்த மரியாதைக்கு விலை கொடுப்பவன் பொடியன் மட்டும்தான்.

வயது, சம்பளம் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், சம்பளம் பெறும் பயிலுநரையும் ஊழியராகவே கணக்கெடுக்கிறது. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. சட்டத்தை மீறுவதில் எடைபோட ஒன்றுமில்லை, பிழை பிழைதான். ஆனால் சட்டப்படி எல்லாம் கொடுத்துவிட்ட முதலாளியும் இரண்டு வருடமாகத் தேநீர் வாங்கவும் லொறியில் மூட்டை இறக்கவும் மட்டும் ஒரு பிள்ளையை வைத்திருக்க முடியும். அவரை எந்தத் தொழில் அதிகாரியும் பிடிக்கமாட்டார்.

பழகுபவன் என்ற காரணத்தால் தேர்ந்த கையாளைவிடக் குறைத்துக் கொடுக்கும் பணம் முதலாளியின் இலாபமல்ல. அது பிள்ளை மாதாமாதம் கட்டும் பயிற்சிக் கட்டணம். கண்டி டவுனில் கணினி வகுப்புக்குக் காசு கட்டிய பெற்றோர், ஆசிரியர் வராவிட்டால் போய்ச் சத்தம் போடுவார்கள். கடையில் கட்டும் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லாததால் அதை யாரும் கேட்பதில்லை.

பழகுபவனின் கூலி பற்றிய வாதம் பழையது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டமொன்று தொழில் பழகுபவர் ஏழு வருடம் எசமானிடம் இருக்க வேண்டும் என்றது. 1776இல் அடம் ஸ்மித் அதைக் கடுமையாகத் தாக்கினார். கை பழக நாளாகும் என்பதை ஒப்புக்கொண்டாலும், மணிக்கூடு செய்வதைக்கூடச் சில வாரங்களில் விளக்கிவிடலாம் என்பது அவர் கட்சி. அவர் சொன்ன மாற்றுவழி, செய்த வேலைக்குத் தக்க கூலியைப் பழகுபவனுக்கே கொடுப்பது, அவன் பழுதாக்கும் பொருளின் நட்டத்தை அவனே ஏற்பது. அந்த ஏழு வருடக் கட்டாயம் 1814இல்தான் நீங்கியது. ஸ்மித்தின் கணக்கு கறாரானது, ஆனால் நேர்மையானது. நம் கடைகளில் சில இடங்களில் நடப்பதோ வேறு. பொடியன் என்று சம்பளமும் குறைவு, பிழையாக வெட்டிய துணிக்கும் முறித்துவிட்ட போல்ட்டுக்கும் அதே சம்பளத்தில் வெட்டு. ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். இரண்டையும் எடுப்பது ஒரே சரக்குக்கு இருமுறை விலை வாங்குவது.

முதலாளி பக்கத்திலும் நியாயம் உண்டு, அது சிறிதல்ல. ஒரு வருடம் மினக்கெட்டுப் பழக்கிய பிள்ளை, எஞ்சினைத் தனியாக இறக்கும் நிலைக்கு வந்த மாதமே கட்டாருக்குப் போய்விடுகிறான், அல்லது எதிர்க்கடையில் ஐயாயிரம் கூடக் கேட்டு நிற்கிறான். பழக்கிய செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. சின்னக் கராஜ்காரர் இதை எத்தனை தடவை தாங்குவார்?

இதற்கு விடை ஊர் ஜும்ஆ மேடைக்குப் புதிதல்ல. மத்யனில் மூஸா நபியை வேலைக்கு அமர்த்திய முதியவரின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. அவர் ஷுஐப் நபி என்பார் பலர். அவர் எட்டு வருடம் என்று முதலிலேயே சொன்னார். பத்தாக்குவது மூஸாவின் விருப்பம் என்றார், சிரமப்படுத்த மாட்டேன் என்றும் சொன்னார். ஊருக்கு அந்நியனாக, ஒளிந்தோடி வந்த ஓர் இளைஞனிடம் எந்த நிபந்தனையையும் திணித்திருக்கலாம். அவர் தவணை குறித்தார். "இரண்டு வருடம் நில், இன்னின்னதைப் பழக்குகிறேன், பிறகு உன் இஷ்டம்" என்று சாட்சி வைத்துப் பேசிய முதலாளிக்கு, இடையில் ஓடும் பிள்ளையை வாக்கு மீறியவன் என்று சொல்ல உரிமை உண்டு. தவணையே சொல்லாதவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

இனி, எதைப் பழக்குவது? இங்கேதான் நல்ல மனிதர்களும் தடுமாறுகிறார்கள். அதே வயதில் முதலாளியின் மகனும் கடையில் இருப்பான். அவனைப் புறக்கோட்டைக்குக் கூட்டிப்போய் மொத்த வியாபாரிக்கு அறிமுகம் செய்வார், கடன் எத்தனை நாளுக்கு வாங்கலாம், எந்தச் சரக்குத் தேங்கும் என்று காட்டுவார். பொடியனுக்கோ அலுமாரியும் அளவுகோலும். பிங்கா ஓயா பெருகிக் கடைக்குள் தண்ணீர் வரும் நாளில் மட்டும் "நீயும் என் பிள்ளைதான்" என்பார். சரக்கை மாடிக்கு ஏற்ற வேண்டுமே! மகனுக்குக் கடை போகும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொத்த வியாபாரியின் பெயரையும் கடை இரகசியத்தையும் அடுத்தவன் பிள்ளையிடம் ஒப்படைக்கும் கடமையும் இல்லை. ஆனால் கொள்முதல் விலையிலிருந்து விற்பனை விலைக்கு எப்படி வருவது என்பதையும், கணக்குக் கொப்பி வாசிப்பதையும் மறைத்தால், பழக்கியது வியாபாரமல்ல, சுமை தூக்குவது. போட்டியாளன் உருவாவான் என்ற பயத்துக்காக மறைப்பவர், போட்டியாளனாகும் அளவுக்குப் பழக்குவேன் என்பதைக் காட்டித்தான் சம்பளத்தைக் குறைத்தார் என்பதை மறந்துவிடுகிறார்.

கடைசியாகக் கடிதம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை வழியாக, வகுப்புக்குப் போகாமல் வேலைத்தலத்தில் பழகியவரும் திறனைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். அதற்கு வேலை அனுபவத்தை உறுதிசெய்யும் கடிதம் வேண்டும். கோபித்துக்கொண்டு போன பிள்ளைக்கு அதை மறுப்பது, கட்டணம் வாங்கிய பிறகு பொருளைப் பிடித்துவைப்பதே. களவெடுத்துப் பிடிபட்டு விலக்கப்பட்டவன் வந்து கேட்டால்? இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை இருந்தான், இன்ன வேலைகள் தெரியும் என்று எழுதலாம், அது உண்மை. நம்பிக்கையானவன் என்ற வரியைச் சேர்க்க வேண்டியதில்லை. அவனை வேலைக்கு எடுக்கப்போகும் அடுத்த முதலாளி நேரில் வந்து விசாரித்தால், நடந்ததை நடந்த அளவுக்குச் சொல்லலாம், கூட்டாமல்.