மீட்ட கலமும் பிடிமண்ணும்

ஒரு பொருளின் உறுப்புகள் அழிந்தும் மாறியும் போன பின்னர் எஞ்சி நிற்பது பழைய பொருளேதானா என்ற கேள்வியைக் கிரேக்கர் தெசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்துக் கேட்டனர்; இந்திய மரபுகள் தேரையும் ஆடையையும் வைத்துக் கேட்டன. அச்சு, சக்கரம், நுகம் ஆகிய எதுவும் தனித்துத் தேர் ஆகாது, அவற்றை நீக்கிய பின் தேர் என்று தனியே ஒன்றும் இல்லை என்று ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பாளி நூலில் நாகசேன தேரர் மிலிந்த மன்னனுக்கு உணர்த்துகிறார். வைசேடிகரோ இழைகளின் வேறான ஆடை என்னும் முழுமை, அதாவது ‘அவயவி’, உண்மையாகவே உண்டு என்று வாதிடுவர். கடலடியிலிருந்து மீட்கப்படும் வரலாற்றுக் கப்பல்கள் இப்பழைய வழக்கோடு இன்னொன்றையும் சேர்க்கின்றன: அது அதே கலம்தான் என்று ஏற்றுக்கொண்டாலும், அதற்கு வீடு எது?

இசம்பார்ட் புரூணல் வடிவமைத்து, 1843 ஜூலை 19இல் பிரிஸ்டல் நகரில் நீரில் இறக்கப்பட்ட ‘கிரேட் பிரிட்டன்’ என்ற இரும்புக் கப்பல், அவுஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளைப் பல்லாண்டுகள் ஏற்றிச் சென்று, 1886இல் ஹோர்ன் முனையருகே புயலில் சேதமுற்றுப் போக்லாந்து தீவுகளில் ஒதுங்கி, கம்பளியும் நிலக்கரியும் அடுக்கும் களஞ்சியமாகி, 1937இல் அங்கேயே ஒரு குடாவில் கைவிடப்பட்டது. 1970இல் அதை மீட்க வந்தோர், உடலில் மேலிருந்து கீழாக ஓடிய பெரும் பிளவைத் தீவு மக்களிடம் கேட்டு வாங்கிய பழைய மெத்தைகளைத் திணித்து அடைத்து, உள்ளிருந்த நீரை இறைத்து, நீருக்குள் தாழ்த்தி உயர்த்தக்கூடிய மிதவை ஒன்றின்மேல் ஏற்றி, அத்திலாந்திக் கடலைக் கடந்து இழுத்து வந்தனர். அதே ஜூலை 19ஆம் திகதியில், அது கட்டப்பட்ட அதே உலர்துறைக்குள் அது நுழைந்தது. மீட்பில் முன்னின்ற இயூவன் கோர்லெட், ரிச்சர்ட் கூல்ட்-ஆடம்ஸ் ஆகியோர் பின்னர் இதைப் பற்றி நூல்கள் எழுதினர். எனினும், அக்கப்பல் தொழில் செய்தது பெரும்பாலும் லிவர்பூல் துறைமுகத்திலிருந்துதான். அது கடலோடிய காலத்தைவிடப் போக்லாந்தில் கிடந்த காலமே நீண்டது. பிரிஸ்டலுக்கு இருந்த உரிமை அங்கே பிறந்தது என்பது மட்டுமே. இரும்புக்கு வாய் இல்லாதபடியால் அந்த உரிமையை அது மறுக்கவும் இல்லை.

இலங்கையில் நடந்தது வேறு வகையானது. கிளாஸ்கோவுக்கும் ரங்கூனுக்கும் இடையே ஓடிய ஹென்டர்சன் நிறுவனத்தின் ‘சகாய்ங்’ என்ற கப்பல் 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்தில் யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி, அடுத்த ஆண்டு இறங்குதுறையாகப் பயன்படுமாறு அங்கேயே அமிழ்த்தப்பட்டது. இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் மாதக்கணக்கில் உழைத்து, சிதைந்த பக்கத்துக்குச் செயற்கைச் சுவர் அமைத்து, நீரை வெளியேற்றி, 2018 மார்ச்சில் அதை மிதக்கச் செய்தனர். பின்னர் அதை வெளியே இழுத்துச் சென்று ஆழ்கடலில் மீண்டும் மூழ்கடித்தனர். சகாய்ங் என்பது பௌத்த மடங்கள் நிறைந்த பர்மிய ஊரொன்றின் பெயர் என்பதால், நாகசேனரின் மாணவர் எவரும் இம்முடிவுக்கு வருந்தியிருக்கமாட்டார் எனலாம்.

சைவ ஆகமங்களும் வருந்தா. சிதைந்த கோயிலைப் புதுப்பிக்கும் ‘சீர்ணோத்தாரணம்’ என்ற முறையில், மூர்த்தத்தில் உறையும் தெய்வ ஆற்றல் ‘கலாகர்ஷணம்’ என்னும் கிரியையால் கும்பத்து நீருக்கு மாற்றப்பட்டு, பாலாலயம் எனப்படும் தற்காலிகச் சன்னிதியில் வழிபடப்படுகிறது. பயன்படாத பழைய கற்சிலை ஆழமான நீரில் இடப்படுகிறது. கல் மாறியும் தெய்வம் மாறவில்லை என்று அடியார் ஏற்பதற்குக் காரணம், தொடர்ச்சியை அவர்கள் பொருளில் வைக்காமல், அழைப்பிலும் வழிபாட்டிலும் வைத்திருப்பதே. வைசேடிகரின் அவயவியைவிட இது நுட்பமான விடை என்றே கொள்ளத்தகும்.

இலங்கையில் கடலே தெரியாத ஹட்டன் தேயிலை மலைகளில் இவ்விவாதம் வெறும் கப்பல் விவாதமாக நிற்பதில்லை. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழியினராய் இருந்து 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியவர் எனப் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு விட்டுவைத்தது. ஹட்டன் புகையிரத நிலையத்தில் கோச்சி ஏறித் தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் கணிசமானோர் இந்திய மண்ணை அதற்குமுன் மிதித்தே அறியாதவர்கள். ஆயினும் அவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயரிட்டனர். பிரிஸ்டல் ஓர் இரும்புக் கூட்டுக்குப் பொருத்தமாகச் சொன்ன நியாயத்தையே, பேசவும் மறுக்கவும் வல்ல மனிதருக்கு இரு அரசுகளும் சொல்லின. உயிரின் இயல்பைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று, அதாவது எதனோடு கூடி நிற்கிறதோ அதன் தன்மையைப் பெறுதல் என்று, சைவ சித்தாந்தம் வரையறுக்கிறது. அவ்வரையறைப்படி தேயிலையோடு தலைமுறைகளாகக் கூடிநின்ற உயிரை அதன் தோற்ற இடத்தை மட்டும் கொண்டு அளப்பது பிழை.

தோட்ட மக்கள் இதற்கான விடையை வழிபாட்டில் முன்னரே கண்டிருந்தனர். குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று, குடியேறிய இடத்தில் இட்டு அத்தெய்வத்தை அங்கே நிலைநிறுத்தும் வழக்கமே ‘பிடிமண்’. மூலக்கோயில் அங்கேயே இருக்க, இங்குள்ளதும் நகலாகாமல் முழுத் தெய்வமாகவே நிற்கும். அதனோடும் நில்லாமல், தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ரோதைமுனியும், செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் வணங்கக் கவ்வாத்துச்சாமியும் மலையிலேயே தோன்றினர். இத்தெய்வங்களுக்குத் திரும்பிச் செல்லத் தமிழகத்தில் ஊரே கிடையாது.

2023இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த தடத்தில் நடைபயணம் நடந்தது. அதில் எழுந்த கோரிக்கைகளுள் காணியுரிமையும் ஒன்று. ஏனெனில் ரோதைமுனிக்கு மலையில் இடம் இருந்தும், அவரை வணங்குவோரில் பலர் குடியிருக்கும் லயம் என்ற தோட்டத் தொடர்வீட்டு அறைக்கு அவர்கள் பெயரில் இன்னும் உறுதி இல்லை.