மழைக்கு நடுங்கினால் நீ கோழையா?

வானம் கறுத்தாலே நெஞ்சு படபடக்கிறதா? நள்ளிரவில் எழுந்து, தண்ணீர் ஏறுகிறதா என்று எட்டிப் பார்க்கிறாயா?

"எனக்கு ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதே, தோழி!

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. சட்டி பானை போனது. ரேஷன் கார்டு போனது. பிறகு ஆற்றங்கரையே போனது.

அங்கிருந்து அகற்றப்பட்டு, பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தாய். வேலை பார்த்த வீடுகள் எட்டாத தூரம். கூப்பிட்டால் ஓடி வந்த அக்கம்பக்கம் ஆளுக்கொரு பிளாக்.

வந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மறுபடி தண்ணீர். மறுபடி இருட்டு.

இத்தனை பட்ட உடம்பு மழையைக் கண்டு நடுங்காதா? அது பைத்தியமா? கோழைத்தனமா? இல்லவே இல்லை! அது காயம். காயம் ஆறும்!

"ஊர் என்ன சொல்லும்?" என்கிறாயா? இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் சுமந்தது ஊரா, நீயா?

"பேசினால் என்ன ஆகிவிடும்?" என்கிறாயா? ஆகும்! 2004 சுனாமிக்குப் பின், சொந்தங்களைப் பறிகொடுத்த சென்னைக் கடலோர மக்களோடு பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பொறுமையாகக் கேட்டார்கள். அந்த மக்களின் மனச்சோர்வு குறைந்தது. சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் இதை ஆராய்ந்தே சொன்னார்.

கேட்டவர்கள் டாக்டர்கள் அல்ல. உன்னையும் என்னையும் போன்றவர்கள்!

"நேரமேது?" என்கிறாயா? மகளிர் குழுக் கூட்டத்துக்கு நேரம் இருக்கிறதே! "தவணை கட்டினாயா?" என்று கேட்கும் குழு, "ராத்திரி தூங்கினாயா?" என்றும் கேட்கட்டும். முதலில் நீ கேள்!

தூக்கம் வாரக்கணக்கில் வரவில்லையா? சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடாதே. 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம். இரவும் பகலும் தமிழில் பேசலாம். உதவி கேட்பதற்கும் துணிச்சல் வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது!

வடிகால் கேட்பதும் உன் உரிமை. பஸ் கேட்பதும் உன் உரிமை. தனியாகக் கேட்டால் முனகல். பிளாக்கே திரண்டு கேட்டால் முழக்கம்!

உன் மாடியில் தனியாக இருக்கும் பாட்டி யார்? நிறைமாதக்காரி யார்? வெள்ளம் வந்தால் யார் யாரை இறக்குவது? இன்றே எழுதி வை. போன் நம்பர்களை வாங்கி வை. செய்யச் செய்யப் பயம் பின்வாங்கும்!

ஐப்பசி மழை உனக்காகக் காத்திருக்காது. நீ ஏன் காத்திருக்கிறாய்? எழு! எதிர்வீட்டுக் கதவைத் தட்டு!