மூவறிவுயிரின் புற்று

எறும்பு மூவறிவுயிர் என்று வகுப்பில் ஒரு வரியில் கூறி முடித்துவிட்டோம்; அது நம் குறையே. பின்லாந்தின் வடகாடுகளில் செவ்வெறும்புகள் ஊசியிலைகளைக் குவித்து 1 மீட்டருக்கு மேலும் புற்றெழுப்புகின்றன. அதன் வெம்மையில் சிலவகை வண்டுப் புழுக்களும் வளர்கின்றன. மரத்து அசுவினிகளைக் காத்து, அவை சுரக்கும் இனிய நீரை எறும்புகள் பருகுகின்றன. கம்பளிப்புழுக்கள் பெருகிக் காடே மொட்டையாகும் ஆண்டிலும், புற்றருகே உள்ள பிர்ச் மரங்கள் பசுமையோடு நிற்பதுண்டு. அப்புழுக்களை எறும்புகள் கொன்றுண்பதே காரணம்.

"எறும்பே கொல்கிறதே, நாம் மட்டும் ஏன் பார்த்து நடக்க வேண்டும்?" என்றான் பெயரன். கொல்லாமை விரதம் எறும்பு ஏற்றதன்று, மனம் பெற்ற நாம் ஏற்றது என்றோம். பின், "ஒரு புற்றைக் கலைத்தால் எத்தனை உயிர்கள் இடருறும்?" என்று கேட்டோம். வண்டு, அசுவினி, மரம் என விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். கம்பளிப்புழுவிடம் வந்து நின்றுவிட்டான்.