சொல்லின் செம்மையும் சொல்பவரின் கடனும்

உண்மையைச் சொன்னவர் தம் கடனை முழுமையாக நிறைவேற்றியவர் ஆவாரா? அறவியலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினா இன்று தொடர்பாடற் பொறியியலாளரையும் எதிர்கொண்டு நிற்கிறது. அம்பாறைக் கரையோரத்தில் வாழும் எமக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்களில் ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தன் முதலாவது அறிக்கையை வெளியிட்டது. பசுபிக் நாடுகளுக்கென விடுக்கப்பட்ட அவ்வறிக்கை, நடுக்கம் பசுபிக்குக்கு வெளியே நிகழ்ந்ததென்றும், அழிவு தரும் அலை பற்றிய அச்சம் இல்லையென்றும் கூறியது. பசுபிக் கரைகளைப் பொறுத்தவரை அது பொய்யன்று. ஆயின், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை எம் கரையை அடைந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களிற் கடலை ஒட்டி நெருங்கி நின்ற வீடுகள் அழிந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் இதனிலும் கூடிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் வேறில்லை.

அந்நிலையத்தாரைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பே அன்று இருக்கவில்லை. தமக்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள் அவர்கள் செய்தது செம்மையானதே. அவ்வெல்லையை வகுத்தவர் யார், அதற்கு வெளியே நின்றவர் யார் என்பதே ஈண்டு எழும் வினா.

தொடர்பாடற் பொறியியலில் முறைசார் விவரக்கூற்று எனப்படுவது யாது? ஓர் அமைப்பை உருவாக்குமுன், யார் யாருக்கு எந்நிலையில் எதனை அனுப்புவர், விடை வராவிடின் என் செய்வர் என்பனவற்றை, இருபொருட்கு இடமின்றிக் கணித, தருக்கக் குறியீடுகளால் எழுதிவைத்தலாகும். தொலைபேசி நிலையங்களின் செயற்பாட்டை விவரித்தற்கென 1976லேயே சர்வதேச மட்டத்தில் இத்தகைய மொழியொன்று விதந்துரைக்கப்பட்டது. பேச்சுமொழியில் மறைந்து கிடக்கும் குழப்பம் இத்தகைய எழுத்தில் மறைய இயலாது.

இதன் பயனையும் எல்லையையும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வலையமைப்பில் இருவர் ஒருவரையொருவர் இனங்காண்பதற்கான நெறிமுறையொன்றை 1978இல் நீடம், ஷ்ரோடர் என்போர் வெளியிட்டனர். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1995இல், கவின் லோ என்பார் அதிலொரு குறையைச் சுட்டினார். பங்காளருள் ஒருவரே வஞ்சகராயின், அவர் பிறிதொருவர் போல் நடிக்க இயலும் என்பதே அக்குறை. அடுத்த ஆண்டில், விவரக்கூற்றைத் தானாகவே ஆராயும் கணினிக் கருவியொன்றின் துணையுடன் அதனை அவர் விளக்கிக் காட்டினார். வெளியாரை ஐயுற்றோர் உள்ளிருப்போரை ஐயுறவில்லை. எடுகோளிற் பதுங்கியிருந்த பிழை, எடுகோளை எழுதிச் சோதித்தபோதே வெளிப்பட்டது.

எச்சரிக்கைத் துறையிலும் இம்முயற்சி இடம்பெற்றுள்ளது. 2004இல் முதன்முதலாக ஏற்கப்பட்டு, 2007இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தாலும் விதந்துரைக்கப்பட்ட பொது எச்சரிக்கை நெறிமுறை, ஆபத்தின் அவசரம், கடுமை, நிச்சயம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிக்குமாறு பணிக்கிறது. 'பெரிதும் நிகழக்கூடியது' என்பது அரைப்பங்கிலும் கூடிய வாய்ப்பையும், 'நிகழ வாய்ப்புள்ளது' என்பது அதற்கு மேற்படாததையும் குறிக்கும். உண்மையான எச்சரிக்கை எது, ஒத்திகை எது என்பதையும் அது வேறுபடுத்தும். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரையோரக் கிராமங்களில் நிகழ்ந்த பரீட்சார்த்த முயற்சிகளில் இந்நெறிமுறை கையாளப்பட்டது; கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் இதனைப் பொருத்துவதிலுள்ள இடர்ப்பாடுகளும் ஆராயப்பட்டன.

தாம் எவ்வளவு அறிவோமோ அவ்வளவே அறிவோம் எனக் கூறுதல் வாய்மையின் ஒரு கூறு. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் மீண்டும் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது, எச்சரிக்கை விடுக்கப்பட்டு எம் மக்கள் கரையை விட்டகன்றனர், பேரலை வரவில்லை. அவ்வெச்சரிக்கை பொய்யா? அன்று. வாய்ப்பை வாய்ப்பெனக் கூறியவர் பொய்யுரைத்தவராகார். ஆனால், நிச்சயத்தின் அளவை மறைத்து ஒரே குரலில் அச்சுறுத்துவோர் அடுத்த முறை நம்பப்படார். துல்லியமின்மை ஈண்டு வெறும் தொழில்நுட்பக் குறையன்று; பிறர் நம்பிக்கையைச் செலவழிக்கும் அறக்குறையுமாகும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். விவரக்கூற்று பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கேடயமாகாதா? "எழுதியபடி செய்தேன்" எனப் பொறியியலாளர் கைகழுவி விடலாமன்றோ? இம்மறுப்பிற் பொருளுண்டு. மேற்கூறிய நெறிமுறை ஒரே எச்சரிக்கையைப் பல மொழிகளிற் கூற இடமளிக்கிறது. இடமளித்தல் வேறு, கூறுதல் வேறு. தமிழ்ப் பகுதி வெறுமையாக விடப்பட்ட செய்தியும் இலக்கணப்படி செம்மையானதே. எனினும், அதனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியவருக்கு அது விளங்காதாயின், கரைவலை வாடியில் நிற்கும் மீனவருக்கு அச்செய்தி பிறக்கவேயில்லை.

ஆயினும், இதற்குப் பரிகாரம் விவரக்கூற்றைக் கைவிடுதலன்று. அதன் எல்லையை விரித்தலே. எழுதப்படாத எடுகோளை எவரும் வினவ இயலாது. 'பெறுநர் ஆங்கிலம் அறிவார்' என்ற எடுகோள் எழுத்தில் இடம்பெறுமாயின், கல்முனையிலுள்ள ஒருவர் அதனைச் சுட்டி "இது பிழை" எனக் கூற வழியுண்டு. முறைசார் எழுத்தின் அறப்பயன் இதுவே எனலாம்: அது எம்மைப் பிழையற்றவர் ஆக்குவதில்லை, எம் பிழையைப் பிறர் கண்டு கூறத்தக்க இடத்தில் வைக்கிறது.

எனவே, உண்மையைச் சொல்வதோடு கடன் முடிவதில்லை. யாருக்குச் சொல்கிறோம் என்பதையும் யாரை விட்டுவிட்டோம் என்பதையும் எழுதிவைத்தலும் அக்கடனின் பாற்பட்டதே. எம் பல்கலைக்கழகங்களிற் பொறியியல் பயிலும் மாணவர், குறியீடுகளைக் கற்கும்போது அவ்விரண்டாம் வினாவையும் கேட்கப் பழகுவாராக. கேளாமையின் விலையை இக்கரை ஒருமுறை செலுத்திவிட்டது.