பத்தாவது ஆள்

யூதர்களின் பாவக் கழுவாய் நாளன்று, உண்ணா நோன்பின் களைப்பு உடலை வாட்டும் பிற்பகலில், மரபு வழுவாத தொழுகைக்கூடங்களில் லேவியர் நூலின் 18ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. தகாத உறவுகளை விலக்கும் அவ்வதிகாரத்தின் 22ஆம் வசனம், ஆணோடு ஆண் கூடுவதை அருவருப்பு என்கிறது. தன்பால் ஈர்ப்புள்ள ஒருவர் செபப் போர்வையால் தலையை மூடியவாறு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என எண்ணிப் பார்ப்போம். அவர் கட்டளைகளை எள்ளி நகையாடுபவர் அல்லர். எள்ளுபவராயின் அன்று அங்கு வந்தேயிருக்க மாட்டார்.

'ஒத்துப்போகாவிடில் விலகிக்கொள்ளலாமே' என்று நம்முள் பலர் எளிதாகக் கூறிவிடுவோம். ஆனால் விலகுவதற்கு அது ஒரு சங்கம் அன்று. ஓய்வுநாளில் வாகனம் ஏறலாகாது என்பது அவர்களது திருச்சட்டம். எனவே தொழுகைக்கூடத்துக்கு நடந்துபோகும் தொலைவிலேயே வீடு அமைய வேண்டும். உண்பது, உடுப்பது, பிள்ளைகள் பயில்வது யாவும் அந்தச் சில தெருக்களுக்குள் அடங்கும். பொதுச் செபத்திற்கு வயது வந்த ஆண்கள் பத்துப்பேர் கூட வேண்டும். தந்தை இறந்தால் மகன் பதினொரு மாதம் நாள்தோறும் சொல்லும் 'கதீஷ்' என்னும் செபத்தையும் தனியே சொல்ல இயலாது. மற்ற ஒன்பதுபேர் அருகிருந்து 'ஆமென்' சொல்ல வேண்டும். சமூகத்தைத் துறப்பவன் தந்தைக்காகச் செபிக்கும் வழியையுமன்றோ இழக்கிறான்!

இத்தகையோர் 1972இல் லாஸ் ஏஞ்சலீசிலும் 1973இல் நியூயார்க்கிலும் தமக்கெனத் தொழுகைக்கூடங்களை நிறுவினர். பலருக்கு அவை புகலிடமாயின. எனினும் திருச்சட்டத்தை அணுவளவும் தளர்த்த விரும்பாதவருக்கு அவை சொந்த வீடாகவில்லை.

1999இல் ஸ்டீவன் கிரீன்பர்க் என்னும் மரபுவழி ரபி தம் நிலையை வெளிப்படையாக அறிவித்தார். தம் மரபையும் அவர் விட்டு நீங்கவில்லை. ஈராண்டுகளுக்குப் பின் இத்தகையோரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று வெளிவந்து, யூதர்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. 2010 சூலையில் மரபுவழி ரபிகள் பலர் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். செயலைப் பற்றிய தடை தடையே என்று அவர்கள் ஐயமற உரைத்தனர். ஆனால் அம்மனிதரை இகழ்வதும் துன்புறுத்துவதும் யூத நெறிக்கு மாறானவை. அவரைச் சமூகத்தின் உறுப்பினராக வரவேற்க வேண்டும் என்றும் எழுதினர். தன்பால் ஈர்ப்பு மட்டுமே உடையவரை எதிர்பாலாரை மணக்குமாறு பொதுவாக ஊக்குவிக்கலாகாது என்பதும் அதில் உண்டு. 'ஒரு கலியாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற பேச்சு நமக்கும் புதிதன்று. அதனால் வாழ்விழக்கும் இன்னொரு பெண்ணைப் பற்றி நாம் நினைப்பதில்லை.

இவ்வறிக்கை எல்லாரையும் நிறைவு செய்யவில்லை. கதவைத் திறந்தபின் அன்பும் துணையுமின்றி வாழச் சொல்வது வரவேற்பா என்று சிலர் கேட்டனர். திறந்ததே மிகை என்றனர் வேறு சிலர். இவற்றுள் முதற் கேள்வியை நாம் தட்டிக் கழிக்க முடியாது. நம் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2358) இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்குமாறு பணித்து, அடுத்த எண்ணிலேயே அவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்கும் பாரத்தை அந்த ஒருவர் தோளிலேயே ஏற்றிவிட்டு, கோயிலில் அவருக்கு அருகே அமரவும் நாம் தயங்குகிறோம். நம்மிடம் கேட்கப்பட்டது எளிய பாதி. அதைக்கூட நாம் செய்யவில்லை என்பதே நம்மை உறுத்துகிறது.

அதே பிற்பகலில், லேவியர் வாசகத்தைத் தொடர்ந்து யோனா நூல் முழுவதும் வாசிக்கப்படுகிறது. நினிவே மக்கள் மன்னிக்கப்பட்டதற்காகக் கடவுள்மீது சினங்கொண்டு, நகருக்கு வெளியே போய் அமர்ந்த இறைவாக்கினரின் கதை அது. போர்வைக்குள் இருப்பவர் அதையும் கேட்கிறார். அவருடன் இருக்கும் ஒன்பதுபேரும் கேட்கிறார்கள். பின்னர் அந்தி சாய, நாளின் இறுதிச் செபத்திற்காகப் பத்துப்பேரும் எழுந்து நிற்கின்றனர்.