குறை தீர்ந்ததா, குரல் அடங்கியதா?

ஒரு பொருளை விலைக்கு வாங்கியவர் அதில் குறை கண்டு முறையிடுகிறார். விற்றவர் பழுதைச் சீர் செய்து தருகிறார். அல்லது பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறார். வழக்கு முடிந்தது என்று இருவரும் எண்ணுகின்றனர். உலகமும் அவ்வாறே எண்ணுகிறது. ஆனால் இப்படி முடிந்த வழக்கில் தீர்ந்தது பொருளின் குறையா, அல்லது அடங்கியது முறையிட்டவரின் குரலா? இவ்விரண்டும் ஒன்றல்ல. இதில் விற்றவரின் கடமை எதுவரை செல்கிறது, வாங்கியவரின் கடமை எங்கே தொடங்குகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

இந்த ஆராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது திருத்தணியில் எழுந்த ஒரு கேள்வி. மலையடிவாரத்தில் காபிக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுபவர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி ஏந்தி வரும் கூட்டமும், டிசம்பர் 31ஆம் நாள் 365 படிகளுக்கும் பூசை செய்து பாடி ஏறும் கூட்டமும் அவர் கடையைக் கடந்தே மலைக்குச் செல்லும். அவர் புதிதாகச் சந்தைக்கு வந்த நெம்புகோல் எஸ்பிரஸோ இயந்திரம் ஒன்றை வெளியூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து வரவழைத்தார். ஒரு மாதம் செல்லுமுன், காபி இறங்கிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி விசையோடு மேலெழும்பி அவர் முழங்கையைத் தாக்கியது. மீண்டும் ஒருமுறை அவ்வாறே நிகழ்ந்தது. அவர் முறையிட்டார். நிறுவனத்தார் தாமதமின்றி மறுமொழி கூறினர். அதே தொகுதியில் தயாரான இயந்திரங்களில் உள்ளிருக்கும் கேஸ்கட் சரியாக அமையவில்லை என்று ஒப்புக்கொண்டு, முழுத் தொகையையும் திருப்பித் தர முன்வந்தனர். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இதைப் பற்றி எங்கும் எழுதவோ பேசவோ கூடாது. நண்பர் நம்மிடம் கேட்டார்: “பாய், என் பணம் எனக்கு வந்துவிடும். நான் வாயை மூடிக்கொள்வது நியாயம்தானா?”

விடை கூறுமுன் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். கருவியை அறியாதவர் அதன் குறையையும் அறியார்.

ஏமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்திற்கு விழித்திருக்க அருந்திய பானம் காபி என்பதும், பாபா புடன் என்னும் பெரியார் அதன் விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்ற மரபும் நம்மவர் அறிந்தவையே. அக்காபியை நொடிகளில் வடிக்கும் இயந்திரம் இத்தாலியில் பிறந்தது. துரின் நகரத்து மொரியோந்தோ 1884லும், மிலான் நகரத்து பெட்ஸேரா 1901லும் நீராவியின் தள்ளுதலால் காபி வடிக்கும் கருவிகளுக்கு உரிமம் பெற்றனர். நீராவியின் அழுத்தம் குறைவு. அதை மிகுக்க முற்பட்டால் வெப்பம் மிகுந்து காபி கருகிக் கசக்கும். இத்தடையை நீக்கியவர் மிலான் நகரில் காபிக் கடை நடத்திய அக்கீலே காஜ்ஜா. 1938ல் முதல் உரிமம் பெற்ற அவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நெம்புகோலும் வில்லும் இணைந்த இயந்திரத்தை உருவாக்கினார். கைப்பிடியைக் கீழே இழுத்தால் வில் சுருங்கி உள்தண்டு மேலேறும். வெந்நீர் அறைக்குள் புகும். கையை விட்டால் வில் விரிந்து, அத்தண்டைக் கீழே தள்ளி, வளிமண்டல அழுத்தத்தைப் போல் எட்டு ஒன்பது மடங்கு அழுத்தத்தில் நீரைத் தூளினூடே செலுத்தும். தூளின் எதிர்ப்பே கைப்பிடியை மெல்ல எழச் செய்கிறது. எதிர்ப்பு இல்லையேல் கைப்பிடி பாய்ந்தெழும்.

இவ்வியந்திரம் வந்த புதிதில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் உகந்தது. உயர்ந்த அழுத்தத்தில் வடிந்த காபியின் மேல் பழுப்பு நிற நுரை படர்ந்தது. அதுவரை அத்தகைய நுரையைக் கண்டிராத மக்கள், இது என்ன அழுக்கு என்று ஐயுற்றனர். காஜ்ஜா அதனைக் காபியின் பாலேடு என்னும் பொருள்பட ‘கிரேமா’ என்று அழைத்தார். இன்று அந்த நுரை இல்லாவிட்டால்தான் முறையீடு எழுகிறது! எனவே, முறையீடு செய்யப்பட்டதெல்லாம் குறையாகிவிடாது என்பது நாம் கொள்ள வேண்டிய முதற்பாடம்.

நம் நாட்டில் இதற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. திருமண மண்டபங்களில் ஆவி சீறும் இயந்திரத்திலிருந்து பால் நுரை பொங்க, மேலே சாக்லேட் தூள் தூவித் தந்ததைத்தான் நம் மக்கள் நெடுங்காலம் ‘எஸ்பிரஸோ’ என்று அறிந்திருந்தனர். அதை எதிர்பார்த்து வாங்கியவருக்குச் சிறு கிண்ணத்தில் இரண்டு மிடறு கெட்டிக் கசப்பு கிடைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே குறை கருவியிலும் இல்லை, வாங்கியவரிடமும் இல்லை. விற்றவர் கூறிய விளக்கத்தில் இருக்கிறது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை வாங்குபவருக்கு உணர்த்துவது விற்பவர் கடமை.

வேறு சில குறைகள் பயன்படுத்துபவரால் விளைபவை. பில்டருக்கென அரைத்த, சிக்கரி கலந்த தூள் இவ்வியந்திரத்துக்கு ஒத்து வராது. தூள் பருமனாயின் நீர் விரைந்தோடி, கைப்பிடியும் பாயும். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை நாள்தோறும் ஊற்றினால் கொதிகலனில் உப்புப் படியும். இவற்றிற்கு நிறுவனத்தை நோவது முறையன்று. ஆகவே கைப்பிடி பாய்ந்தவுடன் முதலில் சோதிக்க வேண்டியது தூளைத்தான். நண்பரும் அவ்வாறே சோதித்தார். சிக்கரி கலவாத, நன்கு நைத்த தூளை இட்ட பின்னரும் அது பாய்ந்தது. பழுது உள்ளே இருந்தது. விற்றவரே அதை ஒப்புக்கொண்டுவிட்டார்.

இனி நம் சட்ட மேதைகளான ஃபுகஹாக்கள் கூறுவதைப் பார்ப்போம். வாங்கிய பொருளில் குறை கண்டால் வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமைக்குக் ‘கியாருல் ஐப்’ என்று பெயர். எது குறை? வணிகர்களின் வழக்கத்தில் எது ஒரு பொருளின் விலையைக் குறைக்குமோ அதுவே குறை என்று ஹனஃபி அறிஞர்கள் வரையறுத்தனர். தனியொருவரின் விருப்பு வெறுப்பு அளவுகோல் ஆகாது. அவ்வாறே வாங்கியவர் மீதும் கட்டுப்பாடு உண்டு. குறையை அறிந்தவுடனே திருப்ப வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபிகள் உடனடி என்று வற்புறுத்தாவிடினும், அறிந்த பின்னரும் பொருளைப் பயன்படுத்தினால் அவர் அக்குறையை ஏற்றுக்கொண்டதாகவே கருதுவர். முறையிட்டுக்கொண்டே மூன்று மாதம் காபி வடித்துவிட்டு முழுப்பணம் கேட்பதற்கு இடமில்லை.

அப்படியானால் குறை வெளிப்படுமுன் நண்பர் விற்ற காபியின் ஆதாயம் யாருக்கு? பாலைக் கறக்காமல் தேக்கி மடியைப் பெரிதாகக் காட்டி விற்ற கால்நடையைத் திருப்புவோர், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் தருமாறு ஹதீஸில் வந்துள்ளது. ஷாஃபிஈ அறிஞர்கள் அதன்படி தீர்ப்பளிப்பர். வேறொரு வழக்கிலோ, பொறுப்பு எவருடையதோ பயனும் அவருடையதே என்ற விதி வந்துள்ளது. இவை முரணல்ல என்று அவ்வறிஞர்கள் விளக்குவர். பால் விற்பனையின்போதே மடியில் இருந்தது. அது விற்றவரின் பொருளில் ஒரு பகுதி. பிற்பாடு விளைந்த பயனோ, பொருள் அழிந்தால் நட்டம் யாருக்கோ அவருக்கு உரியது. அந்த ஒரு மாதமும் இயந்திரம் உடைந்திருந்தால் அந்த இழப்பு நண்பரைச் சார்ந்திருக்கும். ஆகவே அவர் விற்ற காபியின் ஆதாயமும் அவருடையதே. இத்தனை நுட்பமாக இரு தரப்பையும் நிறுத்துப் பார்த்த சட்டம், மூன்றாமவரை மறந்துவிடுமா?

மறக்கவில்லை. நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஉ (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவர்கள் நின்றிருந்த இடத்தில் ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹமுக்கு விற்றார். வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சற்றே கவனம் பிசகியிருந்த வாஸிலா அவர்கள் அவர் பின்னே ஓடி, இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று வினவினார்கள். பயணத்துக்கென்று அறிந்ததும், அதன் குளம்பில் புண் இருப்பதையும் அது நெடுவழி தாங்காது என்பதையும் எடுத்துரைத்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விலையில் 100 திர்ஹம் குறைந்தது. என் வணிகத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் குறைபட்டார். குறையை மறைத்து விற்பது ஆகாது. அதனை அறிந்த எவரும் தெரிவிக்காமல் இருப்பதும் ஆகாது என்ற நபிமொழியையே வாஸிலா அவர்கள் மறுமொழியாக எடுத்துக் கூறினார்கள். அவர்கள் விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர், அறிந்தவர். அறிவே அவர்கள் மீது கடமையை ஏற்றிவிட்டது.

நம் நண்பரின் நிலையும் இதுதான். பழுதை அவர் அறிந்துவிட்டார். அதே தொகுதியில் வந்த மற்றோர் இயந்திரம் ஆந்திரத்து நகரியிலோ புத்தூரிலோ ஒரு கடையில் இருக்கக்கூடும். 1960ல் வரைந்த மாநில எல்லை திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தது. கேஸ்கட்டின் பழுதுக்கு அந்த எல்லை தெரியாது. அங்கே அக்கைப்பிடியின் மேல் இருக்கும் கை யாருடையதோ, அவரும் ஒரு வீட்டின் ஆதாரமாக இருப்பவர்தாம்.

நாட்டின் சட்டமும் இத்திசையிலேயே நகர்ந்திருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பிழைப்புக்காகத் தாமே உழைத்துக் கடை நடத்துபவர் வாங்கிய கருவிக்கும் அது பாதுகாப்பு அளிக்கிறது. விற்றவர் எவ்வூரினராயினும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். திருத்தணிக்காரர் திருவள்ளூர் சென்றால் போதும். இவை தனியொருவர் பெறும் நிவாரணங்கள். அதே சட்டம், ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அளித்தது. 2022 ஆகஸ்டில் அவ்வாணையம், கட்டாயத் தரக் கட்டுப்பாட்டுக்கு ஒவ்வாத பிரஷர் குக்கர்கள் தொடர்பாக, பிளிப்கார்ட் வழி விற்ற 598க்கும் அமேசான் வழி விற்ற 2,265க்கும் ஆணை பிறப்பித்தது. வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும், பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர வேண்டும் என்பது அவ்வாணை. முறையிட்டவருக்கு மட்டும் என்று அது நிற்கவில்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

விற்பவர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. புதிதாக ஒரு கருவியைச் செய்து சந்தையில் இறக்கும் சிறு நிறுவனம், ஒவ்வொரு பழுதையும் பறைசாற்றினால் பிழைக்குமா? போட்டியாளர் அதை ஊதிப் பெரிதாக்க மாட்டாரா? முறையீட்டை மிரட்டலாக்கிப் பணம் பறிப்போரும் இருக்கின்றனரே! இவையெல்லாம் உண்மையே. ஆதலால்தான் புறம் பேசுவதைத் தடுத்த மார்க்கம், தீங்கிலிருந்து பிறரை எச்சரிப்பதற்கு மட்டும் விலக்களித்து, அதற்கும் அளவு வைத்தது. கண்டதைக் கூற வேண்டும். கண்டதற்கு மேல் கூறலாகாது. முதலில் விற்றவரிடமே கூறி, அவர் தாமே அனைவருக்கும் அறிவிக்கக் காலம் தர வேண்டும். அவர் அறிவித்துச் சீர் செய்துவிட்டால் அதன்பின் தூற்றுவது பாவம்.

எனவே நண்பருக்கு நாம் கூறிய விடை இது: பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. உரிமையைத் தருபவர் அதற்கு விலை கேட்க முடியாது. ஆகாததை ஆகுமாக்கும் நிபந்தனை எவரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே அந்த நிபந்தனையை ஏற்க இயலாது என்று இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஏற்பதுபோல் காட்டிப் பணத்தை வாங்கிவிட்டுப் பின்னர் மீறுவது நமக்கு அழகன்று. பணம் தர மறுத்தால் திருவள்ளூருக்குச் செல்லும் வழி திறந்தே இருக்கிறது.

விற்பவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் செயல். துணி வணிகரான அவர்கள், குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லியே விற்குமாறு தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அவ்விற்பனைத் தொகை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள். வாங்கியவரைத் தேடிக் காண வழியற்ற நிலையில் அவர்கள் செய்தது அது. இன்றைய நிறுவனத்திடமோ வாங்கிய ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் பதிவாகியிருக்கின்றன. புதிய விற்பனை அறிவிப்பை ஒரே நாளில் அத்தனை பேருக்கும் அனுப்ப முடிகிறவர்களுக்கு, பழுதின் அறிவிப்பை அனுப்ப மட்டும் வழி இல்லாமல் போகாது.