வீடு தேடி வரும் பலசரக்கு: ஓர் அறவியல் நோக்கு

அரிசி, பருப்பு, மரக்கறி முதலிய அன்றாடப் பொருள்களைக் கைத்தொலைபேசி வழியே கேட்டு வீட்டு வாசலிற் பெற்றுக்கொள்ளும் வழக்கம் கொழும்பில் வேரூன்றிவிட்டது; பிற நகரங்களுக்கும் பரவிவருகின்றது. இவ்வழக்கத்தின் நன்மை தீமைகளைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொள்கின்றனர். நேரம் மிச்சம், முச்சக்கரவண்டிக் கூலி மிச்சம் என்பர் ஒரு சாரார். சேவைக் கட்டணம் உண்டு, தக்காளியைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்தெடுக்க இயலாது, பொலித்தீன் பைகள் குவிகின்றன, வேண்டாததையும் வாங்க நேர்கின்றது என்பர் மறுசாரார். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவை இல்லறச் சிக்கனத்தின்பாற்பட்டவை. ஒவ்வொரு குடும்பமும் தன் வருவாய்க்கும் வசதிக்கும் ஏற்பத் தானே தீர்த்துக்கொள்ளக்கூடியவை. அறவியலுக்குரிய வினா வேறோரிடத்தில் எழுகின்றது. நான் செல்லவேண்டிய தூரத்தை எனக்காக வேறொருவன் செல்கின்றான்; நான் நனையவேண்டிய மழையில் அவன் நனைகின்றான். அவனுக்குக் கூலி கொடுத்துவிட்டவுடன் எங்களிடையேயுள்ள கணக்குத் தீர்ந்துவிடுகின்றதா? தீரவில்லையெனின் எஞ்சி நிற்பது யாது?

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து கிடைத்ததன்று. வெள்ளவத்தையில் நான் குடியிருந்த மாடிவீட்டிலிருந்து பலசரக்குக் கடை முந்நூறு யார் தூரத்திலேயே இருந்தது. ஐப்பசி மாத மாலையொன்றில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பரீட்சை விடைத்தாள்கள் மேசையிற் குவிந்திருந்தமையால் எழுந்து செல்ல மனமின்றி, ஒரு கிலோ பருப்பும் வெங்காயமும் தேயிலையும் அனுப்புமாறு கைத்தொலைபேசியிற் பதிந்தேன். காலி வீதியில் வெள்ளம். பொருள் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வந்தவனின் முகத்தைப் பாராமலே பையை வாங்கிக் கதவைச் சாத்தினேன். பின்னர்ச் சேவையை மதிப்பிடுமாறு திரை கேட்டபோது, ஐந்து நட்சத்திரங்களில் இரண்டை மட்டும் அழுத்திவிட்டு விடைத்தாள்களுக்குத் திரும்பினேன்.

அடுத்த மாதம் வேறோர் இளைஞன் பொருள் கொண்டுவந்தான். அட்டன் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். மின்தூக்கி பழுதாகியிருந்தமையால் நான்கு மாடி ஏறிவந்து மூச்சுவாங்க நின்றான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சேர், அஞ்சு ஸ்டாரும் போட்டுவிடுங்க. குறைஞ்சா எங்களுக்கு ஓடர் வாறதும் குறைஞ்சிரும்" என்றான். அந்நிறுவனத்தின் நடைமுறை முழுவதும் அவன் சொன்னவாறே இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? அவன் அவ்வாறு நம்புகின்றான், அஞ்சுகின்றான் என்பதே போதுமானது. அன்றுதான் முந்தைய மாதத்து இரண்டு நட்சத்திரங்கள் எனக்கு உறைத்தன. நாம் திருத்தும் விடைத்தாளை இரண்டாம் பரீட்சகர் பார்க்கின்றார். மாணவர் மீளாய்வு கோரலாம். மழையின் குற்றத்துக்காக ஒருவனுக்கு நான் வழங்கிய தண்டனைக்கு இரண்டாம் பரீட்சகர் எவருமில்லை.

பொருள் வீடு தேடி வருதல் நமக்குப் புதிதன்று என்பதை இங்கு கவனித்தல் வேண்டும். மீன்காரர் சைக்கிளின் பின்னே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவார். கீரைக்காரி படலையடியில் நின்று குரல் கொடுப்பாள். தென்னிலங்கை வீதிகளிலே 'சூன் பாண்' முச்சக்கரவண்டி பேத்தோவனின் இசைத்துண்டொன்றை ஒலித்துக்கொண்டு அந்திப்பொழுதில் இன்றும் வருகின்றது. (அவ்விசைமேதை தம் இசை மாலுபாண் விற்க உதவுமென்று கனவிலும் கருதியிரார்.) எனவே, வாசலுக்குப் பொருள் வருகின்றது என்பதில் பழுது காண்பது பொருந்தாது. வேறுபாடு பிறிதொன்றிலுள்ளது. எந்த ஒழுங்கையால் வருவது, எந்த வீட்டில் நிற்பது, எவருக்குக் கடன் கொடுப்பது என்பனவற்றை மீன்காரரே தீர்மானித்தார். ஓயாது பேரம்பேசும் வீட்டை அவர் பாராதவர்போற் கடந்து போகலாம்; போனதுமுண்டு. வாங்குபவர் அவரை மதிப்பிட்டதுபோலவே அவரும் வாங்குபவரை மதிப்பிட்டார்.

வந்தவன் தோட்டத்தைச் சேர்ந்தவன் என்றமையால் மறுதலையான வேறோர் எடுத்துக்காட்டும் நினைவுக்கு வருகின்றது. மலையகத் தோட்டங்களிலே தொழிலாளருக்கு அரிசி கடைவீதியிலிருந்தன்றித் தோட்டத்திலிருந்தே வழங்கப்பட்டது; அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. இருப்பிடத்திலேயே உணவுப்பொருள் கிடைத்தமை அம்மக்களுக்கு வசதியாக அமைந்ததென்று எவரும் வாதிடார். அது கடனோடு கலந்து, அவர்களை இடம்பெயரவொட்டாது கட்டிய கயிற்றின் ஒரு புரியாயிற்று. தொழிலாளி பட்ட கடனைக் குறித்து, அதனைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிக்கச் சம்மதம் தெரிவிக்கும் 'துண்டு' முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனவே, பொருள் எங்கு வந்து சேருகின்றது என்பதைவிட, அது வந்து சேரும் ஏற்பாட்டில் எவரால் மறுக்க முடிகின்றது, எவரால் முடியவில்லை என்பதே கேட்கத்தக்க கேள்வியாகும்.

இச்சேவையின் பக்கத்திலுள்ள நியாயத்தையும் குறைத்து மதிப்பிடலாகாது. 1984ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரிலே, ஜேன் ஸ்னோபோல் என்னும் 72 வயது மூதாட்டி தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசி இணைப்பொன்றின் வழியே பயன்படுத்தி, ரெஸ்கோ கடையிலிருந்து மாஜரின், கோர்ன்பிளேக்ஸ், முட்டை ஆகியவற்றை வருவித்தார். இன்றைய முறையின் முன்னோடியாகப் பலரும் சுட்டுவது இதனையே. அது முதியோருக்கும் நடமாட இயலாதோருக்குமென அந்நகரசபையின் ஆதரவோடு நடத்தப்பட்ட சமூகநலத் திட்டமாகும். இலாபவேட்டையின் குழந்தையென்று இச்சேவையைத் தூற்றுவோர், அதன் பிறப்பில் இரக்கத்துக்கும் பங்குண்டு என்பதை மறந்துவிடலாகாது. நம் நாட்டிலும் 2020 மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, தெருவுக்கு வந்த மரக்கறி லொறிகளும் தொலைபேசிவழிக் கட்டளைகளும் இல்லாதிருப்பின் எத்தனை முதியோர் அடுப்பு மூட்டியிருப்பர்?

கடையைப் பற்றிய நம் ஏக்கமும் ஆராயப்படவேண்டியது. 'அக்காலத்தில் கடைக்காரர் நம் முகமறிவார், நலம் விசாரிப்பார்' என்று கூறுவோர், அம்முகமறிதலின் மறுபக்கத்தை மறைத்தே பேசுகின்றனர். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒருவனின் முகமும் ஊரும் அறியப்பட்டமையாலேயே அவனுக்குத் தனிக் குவளை நீட்டப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னரும் அக்கடைகளுள் நுழைந்து சமமாக அமர்வதற்கு 1960களின் பிற்பகுதியிலே போராட வேண்டியிருந்தது. கடன் கொப்பியும் அத்தகையதே. மாதமுடிவில் சம்பளம் வரும்வரை அடுப்பெரிய உதவியதும் அதுவே. நாலுபேர் முன்னிலையில் ஒரு தாயைத் தலைகுனிய வைத்ததும் அதுவே. கணவனை இழந்த பெண்ணொருத்தி சந்தைக்குப் போனாற் பின்தொடரும் பார்வைகளையும் பேச்சுக்களையும் இங்கு விரிக்கவேண்டியதில்லை. இத்தகையோருக்கு, பெயரும் பணமுமன்றி வேறெதனையும் கேளாத திரை ஒரு விடுதலையாகும். 1970களின் நடுப்பகுதியில் பாணுக்காகவும் 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்குமாகவும் வரிசையில் நின்றவர்களிடம் சென்று, நேரிற் சென்று பொருள் வாங்குதலின் மாண்பைப் பற்றி விரிவுரையாற்றும் துணிவு எனக்கில்லை.

எனினும் ஒன்று கூறவேண்டும். முகம் மறைதலால் வாங்குபவர் அவமதிப்பிலிருந்து தப்புகின்றார். அதே மறைவு கொண்டுவருபவனுக்கு எதைத் தருகின்றது? மனிதர்களிடையேயுள்ள சமூக உறவு பொருள்களிடையேயுள்ள உறவாகத் தோற்றமளிப்பதைக் கார்ல் மாக்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதல் அத்தியாயத்திலே விளக்கினார். அவர் கண்ட சந்தையில் உற்பத்தியாளனே கண்ணுக்கு மறைந்திருந்தான். விற்பவனும் சுமப்பவனும் எதிரே நின்றனர். இன்று அவர்களும் மறைந்துவிட்டனர். மழையில் வண்டியோட்டி வருபவன் என் கைத்தொலைபேசியின் வரைபடத்தில் நகரும் சிறு வண்டிச் சின்னமாகவே எனக்குத் தெரிகின்றான். சின்னம் நின்றுவிட்டால் எனக்கு எரிச்சல் வருகின்றது. சின்னம் நனைவதில்லை.

இமானுவேல் கான்ற் 1785இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில், மனிதத்துவத்தை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளாது இலக்காகவும் கொள்ளுதல் வேண்டுமென்றார். மாணவர் பலர் இக்கூற்றை, பிறரைக் கருவியாகவே கொள்ளலாகாது எனப் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். அவ்வாறாயின் தபாற்காரரும் பேருந்துச் சாரதியும் கூடாதவர்களாவர். 'வெறும்', 'மட்டும்' என்னும் சொற்களிலேயே அவ்விதியின் உயிர் உள்ளது. ஒருவனைக் கருவியாகக் கொள்ளும்போதே இலக்காகவும் கொள்ளுதல் நடைமுறையில் எவ்வாறு புலப்படும்? புன்னகையாலும் உபசாரத்தாலும் அன்று என்பதே என் கருத்து. அவற்றை விலையின்றிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு மனநிறைவோடு உறங்கலாம். நான் சொல்வதற்கு அவன் மறுமொழி கூற இடமுண்டா, என் தீர்ப்புக்கு அவனிடம் காரணம் கேட்கப்படுகின்றதா, விரும்பாத வேலையை வயிற்றுக்குப் பங்கமின்றி மறுக்க அவனால் இயலுமா என்பனவே உரைகல். மீன்காரர் என் படலையைக் கடந்துபோக முடிந்தமையால், அவர் எனக்குக் கருவியாக இருந்தபோதும் வெறுங்கருவியாக இருக்கவில்லை. இரண்டு நட்சத்திரம் பெற்றவனோ காலி வீதியில் வெள்ளமென்று எனக்குச் சொல்ல ஒரு வழியையும் நான் விட்டுவைக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டேன்.

பட்டினப்பாலை, வாங்குவதில் மிகுதியும் விற்பதிற் குறைவும் நாடாத பூம்புகார் வணிகரைப் போற்றுகின்றது. நேருக்குநேர் நிற்கும் இருவரிடையேயான பரிமாற்றத்தின் அறம் அது. இங்கோ விற்பவர், வாங்குபவர் என்ற இருவருக்குமிடையே மூன்றாமவனொருவன் ஓடிக்கொண்டிருக்கின்றான். தராசு அவனை நிறுப்பதில்லை. வழக்கமான ஒப்பந்தங்கள் அவனை ஊழியனென்னாது, தன் வண்டியோடு தனித்தியங்கும் சேவை வழங்குநரென்றே குறிப்பிடுகின்றன. சொல்லில் என்ன இருக்கின்றதெனச் சிலர் கேட்கலாம். நிறைய இருக்கின்றது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டமும் 'ஊழியர்' என்னும் சொல்லை வாயிலாகக் கொண்டவை. அச்சொல்லுக்குள் நுழைய முடியாதவனுக்கு அவற்றின் முழு நிழலில்லை. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19ஆம் திகதி, ஊபர் நிறுவனத்துக்கு எதிராக வழக்காடிய சாரதிகளைத் தொழிலாளரெனவே கொள்ளவேண்டுமெனத் தீர்ப்பளித்தபோது, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பெயரைவிட நடைமுறையில் எவர் எவரைக் கட்டுப்படுத்துகின்றார் என்பதையே நோக்கிற்று. கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனம். பயணிகளின் மதிப்பீட்டைக் கொண்டு சாரதிகளைக் கண்காணிப்பதும் நிறுவனம். அவ்வாறாயின் நட்சத்திரத்தை அழுத்தும் நான் யார்? கூலி பெறாத மேற்பார்வையாளன். கங்காணிக்காவது தான் கங்காணியென்று தெரிந்திருந்தது.

இவற்றையெல்லாம் ஒரு மாலை தேநீரோடு பேசிக்கொண்டிருந்தபோது நண்பரொருவர், "அப்படியாயின் இச்சேவையை அடியோடு விட்டுவிடுவதுதானே?" என்றார். விட்டுவிடலாம், என் கைகள் சுத்தமாகும். அட்டன் இளைஞனுக்கு அன்றைய ஓடர் ஒன்று குறையும். அவன் தவணைமுறையில் வாங்கிய மோட்டார்ச் சைக்கிளின் மாதக் கட்டணம் என் மனச்சாட்சியின் தூய்மைக்காகக் காத்திராது. ஆயின், "நாங்கள் வாங்குவதாலேயே அவர்கள் உண்கின்றனர்" என்ற வாதத்தையும் நான் ஏற்பதற்கில்லை. தோட்டத்துரைமாரும் அதனையே கூறினர்.

நான் இன்று கைக்கொள்வது அரைகுறையானதொரு வழியேயாகும். நடந்து போகக்கூடிய நாளில் நடந்து போகின்றேன். வருவிக்க நேர்ந்தால் கதவைச் சாத்துமுன் ஏன் தாமதமென்று கேட்கின்றேன்; கேளாது நட்சத்திரத்தைத் தொடுவதில்லை. ஐந்துக்குக் குறைவாக எவருக்கும் இடுவதுமில்லை. இது நேர்மையா என்ற ஐயம் என்னைவிட்டு நீங்கவில்லை. எல்லா விடைத்தாளுக்கும் நூறு புள்ளி இடும் பரீட்சகர் உண்மையில் எவரையும் மதிப்பிடவில்லை. அப்பதவியின் அநீதியை அவர் அகற்றவுமில்லை, அப்பதவியைத் துறக்கவுமில்லை. உடன் உழைப்போர் சங்கமாகத் திரண்டு, மதிப்பீட்டுக்கு எதிராக முறையிடும் உரிமையைக் கேட்டால் அவர்களோடு நிற்பது என் கடமையென்பதில் எனக்குத் தெளிவுண்டு. அதுவரைக்கும் செய்யவேண்டியது யாதென்பதிலேதான் தெளிவில்லை.

சென்ற கிழமை அந்த முந்நூறு யார் தூரத்துக் கடைக்கு நடந்து சென்றேன். முதலாளி தலைநிமிரவில்லை. அவரது மேசைமீது கைத்தொலைபேசியொன்று இடைவிடாது ஒலித்துக்கொண்டிருந்தது. பையன் ஒருவன் பைகளைக் கட்டி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தான். அக்கடையும் அச்சேவையோடு இணைந்துவிட்டது. பழைய கடன் கொப்பி கல்லாவின் பின்னே ஆணியிற் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே மரநிழலில் ஐந்தாறு இளைஞர்கள் மோட்டார்ச் சைக்கிள்களிற் சாய்ந்தபடி கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தனர். அரைக் கிலோ பருப்புக் கேட்டேன். "கொஞ்சம் பொறுங்கோ, சேர், ஓடர் முந்தி" என்றார் முதலாளி. மரநிழலுக்குப் போய் நானும் அவர்களோடு நின்றேன்.